கறைபடாத பயிற்சிக்கு ஒரு வாழ்த்துமடல்

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி நடத்தும் பெருமக்களுக்கு, அந்தப் பயிற்சி அரங்குகளில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து எழுந்த ஒருவன் எழுதும் வாழ்த்து இது. உங்களைப் புகழ எனக்குக் காரணங்கள் நிறைய உண்டு. எதையும் மிகைப்படுத்தப் போவதில்லை. கண்டதைக் கண்டபடியே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு கையெழுத்து, மதியம் ஒரு கையெழுத்து. முன்தேர்வு, பின்தேர்வு, பின்னூட்டப் படிவம், குழுப் படம், சான்றிதழ் என எதுவும் விடுபட்டதில்லை. தேநீர் நேரம் தவறியதில்லை. பயிற்சி நடந்ததா என்று எந்தத் தணிக்கை வந்து கேட்டாலும் உங்கள் கோப்பு பதில் சொல்லும். ஒரு நிகழ்ச்சி நடந்ததென்று நிறுவ எத்தனை வகைச் சான்று வேண்டும் என்று வகுப்பில் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதைவிடக் கூடுதலான சான்றுகளோடு உங்கள் பயிற்சி நாள் ஒவ்வொன்றும் நிறுவப்பட்டிருக்கிறது.

காலத்தையும் நீங்கள் வீணாக்குவதில்லை; எண்ணி வைக்கிறீர்கள். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்வளர்ச்சி வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை. சுமார் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்ற இலக்கோடு 2019இல் தொடங்கிய நிஷ்தா திட்டம், கொரோனா காலத்தில் தீக்‌ஷா இணையத் தளத்துக்கு இடம் மாறியது. வீட்டிலிருந்தபடியே காணொலி பார்த்து, வினாக்களுக்கு விடை தட்டி, சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்ள வழி பிறந்தது. எத்தனை மணி, எத்தனை பேர், எத்தனை சான்றிதழ் என்று கேட்டால் நொடியில் விடை கிடைக்கிறது. வகுப்பறையில் என்ன மாறியது என்ற கேள்விக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியில் நீங்கள் ஒருமுறையும் தோற்றதில்லை.

உங்கள் சமநோக்கும் போற்றத்தக்கது. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர் பெற்றுக்கொண்டதை மாவட்டக் கருத்தாளர் பெறுகிறார். அவரிடமிருந்து வட்டார வள மையம் பெறுகிறது. அதே படக்காட்சி, அதே வரிசை. கேட்பவர் தஞ்சாவூர்க்காரரா தருமபுரிக்காரரா என்று நீங்கள் பார்ப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், கோயில் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவரவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாம் வீட்டில் குடியமர்த்தப்பட்டார் என்பதும் வெட்டப்பட்டிருக்கின்றன. தருமபுரிப் பக்கம் வயலோரங்களில், ஆநிரை மீட்கப்போய் மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் நிற்கின்றன. முன்னதன் அருகிலேயே பிறந்து வளர்ந்தவரும் பின்னதைத் தாண்டித் தினமும் பள்ளிக்குப் போகிறவரும் உங்கள் அரங்கில் ஒரே திரையைப் பார்த்தார்கள். தன் ஊர் என்ற சலுகையை நீங்கள் யாருக்கும் தந்ததில்லை.

எங்களுக்குச் சுமை ஏற்றாத உங்கள் கருணையை அடுத்துச் சொல்கிறேன். 2022இல், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரியில் வெளியான தொல்லியல் துறை அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையை முன்வைத்து தமிழ்நாட்டில் இரும்பின் தொடக்கத்தைக் கி.மு. 3345க்குக் கொண்டுபோனது. மூன்றே ஆண்டுகளில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னே நகர்ந்த ஒரு தேதி! எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுந்து, “சார், இரும்புலேயே தேதி போட்டிருந்துச்சா?” என்று கேட்டால் என்ன சொல்வது?

இரும்பின் காலத்தை அதனோடு கிடைத்த கரித்துண்டைக் கொண்டு கணித்தார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். உயிருள்ள பொருளில் சேர்ந்த கதிரியக்கக் கரிமம், அது இறந்தபின் சீராகக் குறைந்துவருவதை அளக்கிறார்கள் என்று விளக்க வேண்டும். பானை ஓடு கடைசியாக எப்போது சுடப்பட்டது, மண்துகள்மேல் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று கண்டறியும் ஒளிர்வு முறை வேறு இருக்கிறது. கரியும் இரும்பும் ஒரே காலத்தில்தான் அங்கே வந்து சேர்ந்தனவா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள் என்பதையும், அப்படிக் கேட்பது தமிழருக்குப் பகையல்ல, அதுதான் வரலாற்றுமுறை என்பதையும் பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டும். இவ்வளவு தொல்லை எங்களுக்கு வேண்டாமென்று நீங்கள் ஆண்டை மட்டும் திரையில் காட்டினீர்கள். நாங்கள் குறித்துக்கொண்டோம். அது எப்படித் தெரியும் என்ற கேள்வியிலிருந்து எங்களைக் காப்பாற்றினீர்கள்.

உத்திரமேரூரிலும் இப்படித்தான் காத்தீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. குடவோலை முறை என்ற பெயரில் ஐந்து மதிப்பெண் வினாவாகப் பிள்ளைகள் நாவில் நிற்பவை. 30 குடும்புகள் என்ற ஊர்ப் பிரிவுகளையும், 35 முதல் 70 வரை வயது, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி என்று சபை உறுப்பினருக்கான தகுதிகளையும், கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை என்ற விலக்கையும் அவற்றுள் பிந்தையது சொல்கிறது. உத்திரமேரூர், பிராமணர் குடியிருப்பான ஒரு சதுர்வேதிமங்கலம். அப்படியானால் அந்தக் குடத்தில் யாருடைய பெயர் விழுந்திருக்கவே முடியாது? பெண்களின் பெயர்? உழுதவர் பெயர்? இதைக் கேட்டிருந்தால் பெருமையும் கேள்வியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். உங்கள் பயிற்சியில் பெருமை மட்டும் உட்கார்ந்தது. அதனால் அரங்கில் ஒரு சலசலப்பும் எழவில்லை.

அமைதிக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பு இதோடு நிற்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர், சாதிப் பகையில், அவரோடு படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆம் பிரிவை நடத்துவது எங்கள் பாடவேளையில்தான். நாங்கள் அதை நடத்தும்போது எதிர் பெஞ்சில் அந்தக் கயிறு கட்டிய கை இருக்கிறது. அந்தக் கைக்குரியவன் எழுந்து ஏதாவது கேட்டால் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று, நான் இருந்த எந்தப் பயிற்சி அரங்கிலும் யாரும் பேசவில்லை. உங்கள் அரங்குகள் அவ்வளவு அமைதியானவை.

உங்கள் பெருமை முழுதாகத் தெரிய வேண்டுமானால், உங்களிடம் கற்காமல் வெளியே கற்றவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாவம், அவர்கள் நிலை வேறு. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுக்கக் கற்றவருக்கு நகக்கண்ணில் கருமை போகவில்லை. சொந்தத் தற்செயல் விடுப்பில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தவருக்குப் பயணப்படி இல்லை. உள்ளாட்சிப் பாடத்தை நடத்திவிட்டு மாணவர்களைக் கிராம சபைக்கே கூட்டிப்போனவர், அங்கே ஒரு மாணவி குடிநீர்க் கணக்கைக் கேட்டதற்காகத் தலைமையாசிரியரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்க் கிழவியிடம் பஞ்ச காலத்துக் கதையைக் கேட்டுப் பதிவுசெய்து வரும்படி பிள்ளைகளை அனுப்பியவரின் பாடக்குறிப்பேட்டில் அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறது. அவர்கள் செருப்பில் செம்மண். உங்கள் மேசை விரிப்பிலோ ஒரு கறையும் இல்லை. அவர்களிடம் சான்றிதழ் இல்லை. அவர்களிடம் படித்த பிள்ளைகள் மட்டும், தங்கள் ஊர் எல்லையில் கிடக்கும் எழுத்துள்ள கல்லைத் துணி துவைக்கப் போடக் கூடாது என்று வீட்டாரிடம் சண்டை போடுகிறார்கள்.

இத்தனையும் உளமாரச் சொன்னேன். உங்கள் உழைப்பை நான் அறிவேன். இரவில் பட்டியல் தயாரிப்பவர்களும், மேலிருந்து கேட்கும் அறிக்கைக்கு ஓடும் ஆசிரியர் பயிற்றுநர்களும் எங்களைச் சேர்ந்தவர்கள்தான். ஆகவே உரிமையோடு ஒன்று கேட்கிறேன்: இந்தப் புகழை இழக்கத் துணியுங்கள். பயிற்சி நாள்களில் ஒன்றை அரங்குக்கு வெளியே வையுங்கள். அந்தந்த வட்டாரத்துக் கல்வெட்டோ, அகழாய்வுக் குழியோ, வருவாய் ஆவணமோ எங்கள் கையருகே வரட்டும். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரையும், ஏற்கெனவே செம்மண்ணில் நடந்த எங்கள் சக ஆசிரியரையும் கருத்தாளராக்குங்கள். வகுப்பில் கேட்கத் தயங்கும் கேள்விகளை நாங்கள் முதலில் அங்கே ஒருவரையொருவர் கேட்டுப் பழக வேண்டும். ஓராண்டு கழித்து எங்கள் வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

கால அட்டவணை கலையும். விவாதம் தேநீர் நேரத்தைத் தின்னும். பின்னூட்டப் படிவத்தில் “சுமார்” என்றுகூட ஒருவர் எழுதுவார். அப்படியொரு பயிற்சியை நீங்கள் நடத்தினால், இந்த வாழ்த்துமடலில் ஒரு வரியும் உங்களுக்குப் பொருந்தாது. அந்த நாளுக்காகத்தான் இதை எழுதினேன்.