வண்டலூர் ஞாயிறு

பிள்ளைகளை இயற்கையோடு ஒட்டி வளர்க்க வேண்டும் என்று சபதம் எடுத்த சென்னைப் பெற்றோரின் ஞாயிற்றுக்கிழமை மாநாட்டுப் பந்தல், வண்டலூர் உயிரியல் பூங்கா. 1855-இல் மதராஸ் நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, 1985-இல் இங்கே குடிபெயர்ந்தது. பரப்பு 602 ஹெக்டேர். அத்தனை ஹெக்டேரிலும் நான்கு வயதுப் பையன் மெய்மறந்து ரசிப்பது, பெஞ்சுக்கு அடியில் முறுக்குத் துணுக்கு பொறுக்கும் காக்காயை.

“டேய், அங்க பாரு, புலி!” என்று அவன் கழுத்தைத் திருப்புகிறார் அப்பா. புலி தூங்குகிறது. உச்சி வெயிலில் புத்தியுள்ள ஜீவன் அதைத்தான் செய்யும். டிக்கெட் வாங்கிய ஜீவன்கள்தான் வியர்க்க வியர்க்க நடக்கின்றன. (செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. புலிகளுக்கு நம்மிடமிருந்து என்று கொள்க.)

“போனையே பாக்காதே, கண்ணு கெட்டுடும்” என்று மகளை அதட்டிய அம்மா, அதே போனுக்கு முன்னால் அவளை நீர்யானையோடு நிறுத்தி, “சிரி… இன்னும் கொஞ்சம் இயல்பா சிரி” என்கிறார். படம் உடனே ஸ்டேட்டஸில் ஏறுகிறது: ‘இன்று எங்கள் வீட்டில் போன் இல்லா ஞாயிறு.’ எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை யானைக் கொட்டடி வரை சரிபார்த்துக்கொண்டே போகிறார்.

கூட வந்த தாத்தாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. “எங்க காலத்துல பிள்ளைங்க தானா வளந்துச்சுங்க.”

“தானா?” என்றார் பாட்டி.

தாத்தா டீக்கடை எங்கே என்று விசாரிக்கப் போய்விட்டார்.