பீட் பண்ணிட்டோம்ல!

எங்கள் கொடைக்கானலில் ஒருவர் இருக்கிறார். மூஞ்சிக்கல் டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டால், முட்டிவலிக்காரர்கள் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் போச்சு. "இதெல்லாம் ஒரு வலியா மாப்ளே? எனக்கு வந்ததுல பாதிகூட இல்ல. நான் பீட் பண்ணிட்டேன்ல!"

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு முழுப் பணமும் கட்டிப் போனவர். கற்றுக்கொண்டு வந்தது இந்த ஒரு வினைச்சொல். மீதியை வாத்தியாரிடமே விட்டுவிட்டார்.

அவருக்குப் பரம வைரி ஊட்டி. பக்கத்து பெஞ்சு டூரிஸ்ட் "ஊட்டியில..." என்று இழுத்தாலே, கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி உட்காருவார். ஏரியா? நம்ம ஏரி நட்சத்திர வடிவம், 1863-ல் லெவிஞ்ச் துரை உண்டாக்கினது. ஊட்டி ஏரி 1824-லேயே வந்துவிட்டதே என்றால், "வயசானா அழகு கூடுமா?" என்பார். "இங்க எவர்ஷெட் துரை 1909-லயே சூரியப் புள்ளிக்குள்ள வாயு ஓடுறதைக் கண்டுபிடிச்சுட்டாரு. சூரியனையே பீட் பண்ண ஊருய்யா!" சூரியன் எதில் தோற்றது என்று கேட்கக் கூடாது. உயரப் பேச்சு மட்டும் ஆகாது. ஊட்டி 2,240 மீட்டர், நாம் ஏறக்குறைய 2,100. "கடல்ல இருந்து அளந்தா அப்படித்தான் காட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் யாரோ வம்புக்கென்றே கேட்டார்: "ஊட்டிக்கு மலை ரயில் இருக்கே அண்ணே?"

இரண்டு மிடறு டீ இறங்கும்வரை பதில் இல்லை. பிறகு: "கொடைரோடு யார் பேர்ல இருக்கு? ஸ்டேஷன் 80 கிலோமீட்டர் கீழ, ஊரு மேல. இவ்வளவு தூரத்துல ஸ்டேஷன் வச்சுக்க ஊட்டிக்காரனால முடியுமா?" அன்றைக்கு அவருக்கு டீக்காசு நான்தான் கொடுத்தேன்.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது கடைக்காரர் ஒரு சரிவு முழுக்க நீலம் பார்த்தாராம். இவர் பார்த்தது மலை முழுக்க. அடுத்து பூப்பது 2030-ல். அதுவரை சரிபார்க்க வழியில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு துக்க வீட்டில், "அப்பா எண்பத்திரண்டுல போயிட்டாரு" என்று மகன் விசும்ப, இவர் தோளைத் தட்டி "எங்க தாத்தா தொண்ணூத்தாறு" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கேயாவது அந்த மனிதர் தோற்றிருக்கலாம்.

சீசனில் தண்ணீர் வராதபோதும் இதே கதை. "எங்க தெருவுல நாலு நாளாச்சு" என்று ஒருவர் புலம்பினால், "எங்களுக்கு எட்டு!" என்று ஜெயித்துவிட்டுத் தெம்பாக எழுந்து போகிறார். மனு எழுத உட்கார்ந்தவர்கள் நாலா எட்டா என்று சண்டையில் இறங்கிவிடுகிறார்கள். மனு இன்னும் போகவில்லை.