கறியைக் கேட்டு வைன் எடு

மருமோனே, ரொறன்ரோவிலை விருந்து வைக்கிறாய், எங்கடை கறிக்கு எந்த வைன் தோதாயிருக்கும் எண்டு என்னட்டைக் கேக்கிறாய். நல்ல ஆளைத்தான் பிடிச்சாய். நான் உதுகளைக் கையாலும் தொடாதவன் எண்டு மாமிக்குத் தெரியும். ஊரிலை நாலுபேர் கதைக்கக் கேட்டதைச் சொல்லுறன்.

உன்ரை சிநேகிதர் பரிந்துரைச்ச போர்தோ சிவப்பு வைனை முதல்லை அங்கால வை. வாட்டின மாட்டிறைச்சிக்கு அது சரி. கொழுப்பும் உப்பும் அதின்ரை துவர்ப்பை அடக்கிப்போடும். எங்கடை ஆட்டிறைச்சிக்கறியிலை கிடக்கிறது செத்தல் மிளகாய் வறுத்து இடிச்ச தூள். உறைப்பிலை எரியிற நாக்குக்குத் துவர்ப்பு இன்னும் கசக்கும். 14 வீத மதுசாரம் அந்த எரிவை ஊதிப் பெருப்பிக்கும். மீனோடை சேர்த்தியோ, சிவப்பு வைனிலை இருக்கிற இரும்புச்சத்து வெடுக்கைக் கிளப்பிவிடும். காசு குடுத்து அறக்குளாவுக்கு வெடுக்கு ஏத்துற புத்தி படிச்சவைக்குத்தான் வரும்.

உறைப்புக்கு வேண்டியது கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, குறைஞ்ச வெறி, நல்ல குளிர்ச்சி. ஜேர்மனியிலை மோசல் ஆத்தங்கரையிலை றீஸ்லிங் எண்டொரு வெள்ளை வைன் செய்யினம். அதிலை இனிப்பு நிக்கிற வகை 8, 9 வீதம்தான். குளிரவைச்சுக் கணவாய்க் கறியோடை குடிச்சா, நாக்கு கறியையும் அறியும், வைனையும் அறியும். இதுவும் கேள்விஞானம்தான், மாமியிட்டைச் சொல்லிப்போடாதை.

குளிரை விட்டால், மிச்ச மூண்டு குணமும் உன்ரை கொப்பற்றை வளவுப் பனையிலை கிடந்தது. பனங்கள்ளு ஏறக்குறைய பியர் அளவுதான் வெறி. இனிப்பும் புளிப்பும் நுரையும் கூடவே வரும். முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசினால் புளியாமல் கருப்பநீராய் நிண்டுடும். பூசாட்டில் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் சுவை மாறி, கடைசியிலை வினாகிரியாய்ப் போகும். விடிய இறக்கினது இனிப்பு, வெயில் ஏறினால் புளிப்பு. சீவுறவர் பிளாவிலை வாக்க முந்தி, "வீட்டிலை இண்டைக்கு என்ன கறி?" எண்டு கேப்பார். பொரிச்ச மீனெண்டா ஒரு முட்டி, கொழுத்த இறைச்சியெண்டா மற்ற முட்டி. பட்டமுமில்லை, கழுத்துப்பட்டியுமில்லை, ஆனால் ஆள் பிழைவிடமாட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்தது.

"கள்ளு நாகரிகமில்லை, வைன்தான் வேணும்" எண்டால் அதுக்கும் ஊரிலை வழியிருக்கு. தோலகட்டியிலை 1928 இலை தோமஸ் அடிகளார் தொடக்கிவைச்ச செபமாலைதாசர் ஆச்சிரமத்தின்ரை முந்திரிகை வைனை ஆர் அறியாயினம்? நெல்லிரசமும் அவையின்ரைதான். செபத்திலை இருக்கிறவைக்கு ஒரு மிடறுக்குப் பத்துவரி வர்ணனை சொல்ல நேரமில்லை. நீ ஊருக்கு வரேக்கை ஒண்டு வாங்கி வா. எனக்கில்லை, பூசைக்கு உகந்ததோ எண்டு ஒருக்கால் பரிசோதிக்க.

இப்ப உங்கடை ஊர் வைன் கடைக்குப் போ. உதவிக்கு நிக்கிறவனிட்டைத் திராட்சையின்ரை பேர், வருசம், மலைச்சரிவு எண்டு கெட்டித்தனம் காட்டாதை. உன்னைவிட அவனுக்கு அது தெரியும். "ஏசியன் சாப்பாடு" எண்டும் முடிச்சிடாதை. ஆசியா எண்டது உன்ரை குசினி மட்டுமில்லை. "தேங்காய்ப்பால் விட்ட நண்டுக்கறி, உறைப்புத் தூக்கல், இறக்கேக்கை ஒருபிடி முருங்கையிலை" எண்டு விலாவாரியாய்ச் சொல்லு. கேட்ட உடனை அவன்ரை வாயூறினால், அவன் எடுத்துத் தாறதை நம்பி வாங்கு. விலையை மட்டும் பாத்துக் கைநீட்டினால், நீயாய் ஒரு றீஸ்லிங்கை எடு. "மிளகாயைக் கொஞ்சம் குறைச்சுச் சமைக்கலாமே, சேர்" எண்டு சொல்லுவானெண்டால், கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டு வெளியிலை வந்திடு.