சிவப்பு பிரேக்கும் சித்தப்பாவின் இரண்டாம் கியரும்

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வன்னியம்பட்டியில் மழை உண்டா, கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா, சித்திக்கு முழங்கால் வலி தேவலையா என்று வரிசையாக விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது நம் வீட்டு வழக்கம். எல்லாம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கார் வாங்கப் போகிறேன்.

வீட்டில்தான் ஒன்று நிற்கிறதே என்பீர்கள். அது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, காய்கறி ஏற்ற. இது எனக்கு. மஸ்டா மியாட்டா என்று பெயர். இரண்டே சீட்டு, மடக்கித் திறக்கிற துணிக்கூரை. டிக்கியில் ஓர் அரிசி மூட்டை வைத்தால் தேங்காய்க்கு இடமில்லை. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016-ல் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமாவில் வெளியே வந்தது. ஆக உலகத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் "பிள்ளைகள் எங்கே உட்காரும்?" என்ற கேள்வி எழுந்திருக்கிறது. நம் வீட்டிலும் எழுந்தது. பதில் கிடைக்கவில்லை, ஆனாலும் வாங்குகிறோம்.

வாங்குவது முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதுதான் தகராறு. நம்மூரில் கார் என்றால் கலர் கேட்பார்கள். இங்கே ஒரே வண்டிக்கு மூன்று படி வைத்திருக்கிறார்கள்: ஸ்போர்ட், கிளப், கிராண்ட் டூரிங். நடுப்படியான கிளப்பில் பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பர், வளைவில் சக்கரம் வீணாகச் சுற்றாத டிபரன்ஷியல். மேல்படியில் தோல் சீட்டு, அதற்குள் சூடு. கிளப் எடுத்தால், அதன் தலையில் இன்னொரு பொட்டலம் கட்டிக்கொள்ளலாம்: பிரெம்போ பிரேக், பிபிஎஸ் சக்கரம், ரெகாரோ சீட்டு. விலை நாலாயிரம் டாலருக்கு மேல். ரூபாயில் மூன்று லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு என்னென்ன வாங்கலாம் என்று சித்தி கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார், அதனால் விலையை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

பிரெம்போ இத்தாலிக் கம்பெனி, 1961-ல் தொடங்கியது. பிபிஎஸ் ஜெர்மனியில் பிறந்தது. இரண்டு முதலாளிகளின் பெயரில் இருந்து இரண்டு எழுத்து, ஊர்ப் பெயரில் இருந்து ஓர் எழுத்து: பாம்கார்ட்னர், பிராண்ட், ஷில்டாக். நம்மூரிலும் இனிஷியல் போட்ட கடைகள்தானே, அதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு சொந்தபந்த உணர்வே வந்துவிட்டது.

ஷோரூம் பையன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து "சேஃப்டி சார்" என்றான். மெல்லிய கம்பிச் சக்கரத்துக்குள் செக்கச்செவேலென்று பிரேக் தெரிந்தது. பார்க்க அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் உங்கள் வீட்டுப் பிள்ளை. குமுளி ரூட்டில் பதினாறு டன் பஸ்ஸை ஓட்டினவர் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவன். லோயர் கேம்ப் மலையில் முன்னால் போகிற லாரியின் பிரேக் லைனிங் தீய்ந்த வாசனை வந்ததும் நீங்கள் சொல்வீர்களே, "எந்தக் கியரில் ஏறினானோ அந்தக் கியரில் இறங்கியிருந்தா இந்த நாத்தம் வருமாடா?" என்று. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஷோரூமில் கணக்குப் போட்டேன்.

சாதாரண பிரேக்கில் ஒரு பக்கத்திலிருந்து ஒரு பிஸ்டன் பேடைத் தள்ளும். பிரெம்போவில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிஸ்டன் இருந்து டிஸ்க்கை இறுக்கும். அதுவும் முன் சக்கரங்களுக்கு மட்டும்தான், பின்னால் பழைய ஆசாமியே. சரி, குறுக்கே ஒரு மான் வருகிறது, (இங்கே வரும் சித்தப்பா, நம்மூர் நாய் மாதிரி வரும்) ஓங்கி மிதிக்கிறேன். எந்தப் பிரேக்காக இருந்தாலும் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பலம் உண்டு. பூட்டவிடாமல் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிக்கும். அதற்குமேல் வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பதை டயரும் தார் ரோடும்தான் பேசி முடிவு செய்கின்றன. சிவப்பு வண்ணத்துக்கு அங்கே பேச இடமில்லை.

அப்படியானால் பெரிய பிரேக் எதற்கு? சூட்டுக்கு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. பந்தயத் தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஓங்கி மிதித்துக்கொண்டே இருப்பவனுக்கு அது வேண்டும். இங்கே வாட்டர்ஃபோர்டு ஹில்ஸ் என்று ஒரு தடம் இருக்கிறது, ஆபீசில் ஒருவன் அங்கே போகிறான், அவன் வாங்கினால் நியாயம். நான் போவது ஆபீசுக்கு. வழியெல்லாம் சமதளம். மிச்சிகனிலேயே உயரமான மலை 603 மீட்டர்தான், அதுவும் மாநிலத்தின் வடகோடியில். நம்மூர்ச் செண்பகத்தோப்பில் நின்று மலையை நிமிர்ந்து பார்த்தவனுக்கு அதை மலை என்று சொல்ல நாக்கு கூசுகிறது. இறங்க மலையே இல்லாத ஊரில் பிரேக் எங்கே சூடாகும்?

தேவை இருக்கிற இடத்தில் நான் கஞ்சத்தனம் பேச மாட்டேன். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், எடை 300 டன் அளவில். அதற்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அது செலவு இல்லை, அவசியம். நம் ஆடிப்பூரத் தேரில் வடம் பிடிக்கிறவர்களைத்தான் ஊர் பார்க்கிறது. சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை கொடுக்கிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார். அவருக்காக எத்தனை லட்சம் போட்டாலும் தகும். என் வண்டி அந்தத் தேர் இல்லையே. எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல், ஏறி உட்கார்வது நான் ஒருவன். இங்கே பிரேக்குக்குச் சிவப்புப் பூசி, கம்பி வழியாகத் தெரிய வைத்து, அதையும் தேர்ச்சீலை மாதிரி அலங்காரக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

உங்கள் மருமகள் இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "வெளியே மைனஸ் பத்து, கூரை துணி, எதில் உட்காருவீங்க?" மேல்படி வண்டியின் சூட்டுச் சீட்டைத்தான் சொல்கிறாள். முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை தினமும் காலையில் பயன்படப்போவது அது ஒன்றுதான். ஆகவே தீர்ப்பு: கிராண்ட் டூரிங், சாதாரண பிரேக். மிச்சப் பணத்தில் நான்கு பனிக்கால டயர், ஏனென்றால் ஏழு டிகிரிக்குக் கீழே கோடை டயர் இறுகிப்போய் பிடிமானத்தை விட்டுவிடும். வண்டியை நிறுத்தப்போவது அந்த டயர்தான். பிரேக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள், சீட்டில் அவள் ஜெயித்தாள், தவணை கட்டுவது என் பங்கு. பான்டியாக் பராசக்தி கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்து வருகிறோம்.

கடைசியாக ஒன்று. தம்பி கொடைக்கானல் போகப்போவதாகச் சொன்னான். அவன் காரில் பிரேக் ஆயில் எப்போது மாற்றினான் என்று கேளுங்கள். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155-க்கே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் கொதித்தால் மிதி கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. இரண்டாம் கியரில் இறங்கவும் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்