ஏழு மாத ராஜ்யம்

ஐ.நா. சபை ஒரு நிலப்பரப்பை முதன்முதலாகத் தானே நேரடியாக ஆண்டு பார்த்தது மேற்கு நியூகினியில், 1962 அக்டோபர் 1 முதல். டச்சுக்காரர்கள் விட மனமில்லாமல் விட்ட நிலம். இந்தோனேசியா விடாமல் கேட்ட நிலம். ஐ.நா. வழியாக அதைக் கைமாற்ற இருவரும் நியூயார்க்கில் கையெழுத்திட்டார்கள். செலவும் ஆளுக்குப் பாதி. இரு வீட்டாரும் கூடிப் பேசி முடித்த கல்யாணம்; பெண்ணைத்தான் யாரும் கேட்கவில்லை.

நிர்வாகி ஈரானியர், காவலுக்கு பாகிஸ்தான் படை. டிசம்பர் 31 வரை ஐ.நா. கொடிக்குப் பக்கத்தில் டச்சுக் கொடி. அது இறங்கியதும் இந்தோனேசியக் கொடி. அந்த மண்ணின் பப்புவா மக்கள் 1961-இல் ஏற்றிய விடிவெள்ளிக் கொடிக்கு மட்டும் இடமில்லை. கம்பத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு போலும்!

1963 மே 1-இல் நிர்வாகம் இந்தோனேசியாவின் கைக்குப் போனது. மக்கள் விருப்பமா? அதை 1969-இல் கேட்டார்கள். ஏறத்தாழ எட்டு லட்சம் பேரில் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, வாக்குச்சீட்டு என்ற தொந்தரவே இல்லாமல், கூட்டம் கூட்டிக் கேட்டார்கள். ஒருவர்கூட இந்தோனேசியா வேண்டாம் என்று சொல்லவில்லை. ராணுவம் பக்கத்திலேயே இருந்ததால் கூச்சமாக இருந்திருக்கும். அந்த நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை முடிவைக் ‘கவனத்தில் கொண்டு’ கோப்பை மூடியது.