கார்த்திகை அடையும் கால்பந்தும்

கேள்வி: இரவில் கண்விழித்துக் கால்பந்து பார்க்கும் என் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய என்ன செய்து போடுவது? அதற்கென்று நம் பக்கத்தில் ஏதாவது பலகாரம் உண்டா?
— ஒரு வாசகி, கீழ்பென்னாத்தூர்

பதில்: 2022 டிசம்பர் 6-ஆம் தேதி மாலை அண்ணாமலை உச்சியில் ஏற்றிய மகாதீபத்தைத் தரிசித்து வீடு திரும்பிய தங்கள் ஊரார், அன்றிரவே எட்டரை மணிக்குக் கத்தாரில் மொராக்கோவும் ஸ்பெயினும் மோதிய உலகக் கோப்பை ஆட்டத்தின் முன் அமர்ந்தபோது, அவர்கள் தட்டில் கார்த்திகை அடையும் பொரியுருண்டையும் அல்லாமல் வேறென்ன இருந்திருக்கும்?

120 நிமிஷம் ஒரு கோலும் விழாமல் நீண்டு, பெனால்டியில் மொராக்கோ 3-0 என்று ஜயித்த அத்தகைய ஆட்டம் முடியும்வரை பசி தாங்குவதற்கு, அரிசியோடு துவரை, கடலை, உளுத்தம் பருப்புகளைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, நல்லெண்ணெய் விட்டு முறுகச் சுட்டு, வெல்லமும் வெண்ணெயும் வைத்துத் தரும் அடைக்குச் சமானமான ஆகாரத்தை நான் அறியேன். மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு விண்ணப்பம்: சூடாகப் போடவேண்டுமென்று தாங்கள் அடுப்படியிலேயே நின்றுவிடாமல், தோசைக்கல்லைப் பிள்ளைகளிடம் முறைவைத்து ஒப்படைத்துவிட்டு, கோல் விழும்போது தாங்களும் கூடத்தில் இருங்கள்.