பேய்க்குக் கஞ்சி போடுங்க

மருமவளே, நீ வாங்கச் சொல்லி அனுப்புன பட்டியலைப் பேரன் படிச்சுக் காட்டுனான். பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ரப்பர் சிலந்தி ஒரு பாக்கெட்டு, சூனியக்காரித் தொப்பி, ரத்தக்காட்டேரிப் பல்லு, ஆரஞ்சும் கறுப்புமா பலூன். அக்டோபர் 31 ராத்திரி உங்க அடுக்குமாடியில ஹாலோவீனாம். புள்ளைங்க அத்தனையும் பேய் வேஷமாம். ரொம்ப சந்தோஷம். சோறு திங்கலன்னா பூச்சாண்டி புடிச்சுக்கும்னு சொல்லித்தான் உம் புருசனை வளர்த்தோம். இப்ப அவனே காசு குடுத்து அந்தப் பூச்சாண்டி சட்டையை வாங்கிப் புள்ளைக்கு மாட்டி போட்டோ புடிக்கிறான். பூச்சாண்டியே இதை எதிர்பார்த்திருக்காது.

பேயெல்லாம் உங்க பக்கம் குடிபோனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. முன்னெல்லாம் ஜிஎஸ்டி ரோடு நெடுக ரெண்டு பக்கமும் புளியமரம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முனியோ மோகினியோ பேரு இருக்கும். ரோட்டை அகலப்படுத்துறேன்னு மரத்தை வெட்டுனாங்க. குடியிருந்த பேய்க்கு எவன் நஷ்டஈடு குடுத்தான்? நம்மூரு படாளம் கூட்டு ரோட்டுல பஸ் ஏறி நேரா வண்டலூர் பக்கம் வந்து லிஃப்ட்டுல ஏறியிருக்கும். வாடகைதான் எப்படிக் கட்டுதோ தெரியல.

ஊர்ல சில பெருசுங்க, இது என்னா வெள்ளைக்காரன் கூத்துன்னு மூஞ்சியைச் சுளிக்கும். அதுங்க பேச்சைக் கேக்காதே. நம்மாளுக்கு ஒண்ணும் இது புதுசில்ல. மாசி மாசம் சிவராத்திரி முடிஞ்ச அமாவாசைக்கு அங்காளம்மன் கோயில்ல மயானக் கொள்ளை நடக்கும். மேல்மலையனூர்ல அதைப் பார்க்க ஊரே திரண்டு போவும். காளி வேஷம், தொங்குற நாக்கு, மூஞ்சி நெறைய சாயம், சுடுகாடு வரைக்கும் ஊர்வலம். அங்க சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசெல்லாம் வாரி எறைப்பாங்க, ஜனம் முட்டி மோதிப் புடிக்கும். சுடுகாட்டுல கொழுக்கட்டை பொறுக்கித் தின்ன பரம்பரைடி நாம. சூனியக்காரித் தொப்பியைப் பார்த்தா பயப்படப் போறோம்? அந்த வெள்ளைக்காரன் பண்டிகைக்கும் ஒரு கணக்கு இருக்குது. நவம்பர் 1 எல்லாப் புனிதர்கள் திருநாள், அதுக்கு மொத ராத்திரிதான் இது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்னிக்குச் செங்கல்பட்டு, அச்சிறுபாக்கம் பக்கமெல்லாம் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏத்தி வச்சிருப்பாங்க, போய்ப் பாரு. செத்தவங்களை நெனைக்க ஒரு நாள் வேணும்னு எல்லா ஊர்லயும் தோணியிருக்கு.

கதவைத் தட்டி மிட்டாய் கேக்குற சமாச்சாரத்தையும் பேரன் வெளக்குனான். வேஷம் போட்டுக்குனு வூடு வூடா வரணும், குடுத்தா பொழைச்ச, குடுக்கலன்னா தொந்தரவு. அடேய், இது அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி எங்க தெருவுலயும் நடக்குதுடான்னேன். எங்க ஊர்ல தட்டுறவங்க குடுத்துட்டுப் போவாங்க, அதொண்ணுதான் வித்தியாசம்.

அதனால கொண்டாடாதேன்னு நான் சொல்லல. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பேயைக் கடையில வாங்காதே. செஞ்சுக்கோ, அதுவும் புள்ளைங்க கையால. வாங்குன பேய் மறுநாள் குப்பைக்குப் போவும். செஞ்ச பேயைப் பார்த்து எந்தப் புள்ளையும் நடுராத்திரியில அலறாது. உள்ள இருந்தது சொம்புதான்னு புள்ளைக்குத் தெரியும்.

சொம்பு எங்க வந்துச்சுன்னு கேக்குறியா? சொல்றேன். பீரோவுல உங்க மாமனாரோட கிழிஞ்ச வேட்டி இருக்குமே, அதுல ஒரு கர்ச்சீப் அளவுக்கு நாலஞ்சு துண்டு கிழி. ஜவ்வரிசியைக் கொழகொழன்னு கஞ்சி காய்ச்சு. ஆறுனதும் துண்டை அதுல முக்கி, லேசாப் புழி. சொம்பு வாயில ஊதுன பலூனைச் செருகி வை, அதுதான் தலை. மேல துணியைப் போத்தி, ஓரத்தை அலைஅலையா இழுத்து வுடு. அது ஐப்பசி மாசம், வெயிலை நம்பாதே, ஃபேனுக்கு அடியில ஒரு ராத்திரி வச்சுரு. காலையில பலூனை ஊசியால குத்திச் சொம்பை உருவிட்டா, வெறும் துணி தானா நிக்கும். கறுப்புக் காகிதத்துல ரெண்டு கண்ணு ஒட்டுனா பேய் தயார். உள்ள ஆளே இல்லாம வெறப்பா நிக்கிற வேட்டிங்க ஊருக்குள்ள நெறைய பார்த்திருக்கேன், இது அவ்ளோ மோசமில்ல.

பரங்கிக்காய்க்கு வருவோம். அயர்லாந்து, ஸ்காட்லாந்துல மொதல்ல டர்னிப்ன்னு ஒரு கிழங்கைத்தான் கொடைஞ்சு வெளக்கு வச்சாங்க. அங்கேருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவங்க, கொடையறதுக்குத் தோதா பெருசா, மெத்துன்னு இருக்குன்னு பரங்கிக்காய்க்கு மாறிக்குனாங்க. கிழங்கைக் கொடைஞ்சு பார்த்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். நம்மாளு வெள்ளைப் பூசணிக்காய்ல முட்டைக்கண்ணு, கோரைப்பல்லு, முறுக்கு மீசையெல்லாம் எழுதிக் கட்டுற வூட்டு வாசல்ல தொங்க வுடுவான். உங்க அடுக்குமாடியும் அது தொங்கித்தான் எழும்பியிருக்கும், மேஸ்திரியைக் கேட்டுப் பாரு. வெளிநாட்டுப் பூசணி சும்மா பயமுறுத்தும். நம்மளுது ஆயுத பூஜை ராத்திரி நடுரோட்டுல ஒடஞ்சு கெடந்து, வண்டியில வர்றவன் காலையே ஒடிக்கும்.

சின்னப் பரங்கிக்காயா வாங்கு. காம்பைச் சுத்தி மூடியை அறுக்கும்போது கத்தியைச் சாய்ச்சுப் புடி. நேரா அறுத்தா மூடி உள்ள வுழுந்துரும். உள்ள இருக்குறதைப் புள்ளைங்க கரண்டியால சுரண்டட்டும், கையெல்லாம் வழவழன்னு ஆவட்டும், அதுதான் இதுல பாதி சந்தோஷம். கரியால மூஞ்சி எழுதறது அவங்க வேலை. கத்தி புடிக்கிறது பெரியவங்க வேலை, அதுல பாசம் காட்டாதே. ஒரு நாளைக்கு முன்னாடி அறுத்தாப் போதும். நம்மூரு புழுக்கத்துல ரெண்டு மூணு நாள்ல பூஞ்சை புடிச்சு, நெசமாவே பேய் மூஞ்சி ஆயிரும். சுரண்டுன சதையை எங்க கொட்டுவ? கொட்டுனா நான் வந்து சண்டை போடுவேன். புளி ஊத்திக் கொழம்பு வை, இல்ல வெல்லம் போட்டுக் கிண்டு. வெதையைக் கழுவிக் காயவச்சு, உப்புத் தண்ணி தெளிச்சு வறுத்தா, உம் புருசன் மொபைலு பார்க்கும்போது கொறிக்க ஆவும்.

பரங்கிக்காய் கெடைக்கலன்னா கொட்டாங்குச்சியை எடு. மூணு கண்ணும் கடவுளே போட்டு அனுப்பிட்டாரு. நாரை உப்புத்தாளால தேய்ச்சு வழவழன்னு ஆக்கிட்டு, கண்ணுல ஓட்டை போட்டு உள்ள வெளக்கை வச்சாச் சுவத்துல மூணு கண்ணு மொறைக்கும். ஆனா ஒண்ணு. புள்ளைங்க போட்டிருக்குற அந்தப் பளபளா அங்கியெல்லாம் பாலியஸ்டரு. நெருப்புப் பட்டா உருகி ஒடம்போட ஒட்டிக்கும். அதுங்க ஓடியாடுற எடத்துல அகலும் வேணாம், மெழுகுவத்தியும் வேணாம். சின்ன பேட்டரி வெளக்கு போதும். வேஷத்துக்கும் பழைய பருத்திப் பொடவையைக் கிழிச்சுக்கோ.

மழைக்காலத்துல எப்படியும் ஒரு குடை கம்பி ஒடஞ்சு மூலையில கெடக்கும். கம்பியைக் கழட்டிட்டுத் துணியை ரெண்டா வெட்டு. ஓரத்துல வளைவு வளைவா இருக்கே, அதுதான் வௌவால் றெக்கை. முதுகுல குத்தி வுட்டா புள்ளை நாள் முழுக்கப் பறக்கும். மழை வந்தா நனையவும் நனையாது.

முகமூடிக்குக் கல்யாண வூட்டுல மிஞ்சுன பாக்கு மட்டைத் தட்டு போதும். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, காதோரம் ரப்பர் பேண்டு. என்னா மூஞ்சி வரையறதுன்னு இன்டர்நெட்டுல தேடாதே. ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் மாமல்லபுரம் கூட்டிக்குனு போ. அதுக்கு வடக்கால சாளுவன்குப்பத்துல புலிக்குகை இருக்குது. குகை வாயைச் சுத்திப் பதினோரு யாளித் தலை, ஒவ்வொண்ணும் கண்ணை உருட்டிக்குனு நிக்கும். மாமல்லபுரத்துலயே மகிஷாசுரமர்த்தினி குகையில எருமைத் தலையும் மனுச ஒடம்புமா ஒருத்தன் கதாயுதத்தைப் புடிச்சுக்குனு அம்மனை எதிர்த்து நிக்கிறான். தொப்பையும் தொந்தியுமா சிரிக்கிற பூதகணங்களும் அங்க உண்டு, அதுங்க சின்னப் புள்ளைங்களுக்குத் தோதான பேய். பல்லவன் காலத்து ஆளுங்க ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னயே மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க. பென்சிலும் நோட்டும் குடுத்தா, ஆளுக்கு ஒரு தலையை வரைஞ்சுக்குனு வரும்.

ரத்தத்துக்குப் பாட்டில்ல சாயம் வாங்குறதா பட்டியல்ல இருந்துச்சு. வூட்டுல ஆரத்தி சுத்துனதே இல்லையா நீ? மஞ்சள் தண்ணியில துளி சுண்ணாம்பைக் கரைச்சா ரத்தச் செவப்பு. அதைத் துணியிலயும் காகிதத்துலயும் தெளிச்சுக்கோ. சுண்ணாம்பு இருக்குறதால மூஞ்சியில பூசாதே, கண்ணுகிட்டயும் கொண்டு போவாதே. குடிக்கிற ரத்தத்துக்கு பீட்ரூட்டை வேகவச்ச தண்ணியில எலுமிச்சம்பழம் புழிஞ்சு சக்கரை போடு. சக்கரைக்கு நம்மூருல பஞ்சமா? மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையே படாளத்துலதான இருக்குது! கரும்பு போட்ட பணம் எப்ப கைக்கு வரும்னு விவசாயிங்களைக் கேட்டா, அது வேற ஒரு பேய்க்கதை.

பலகாரத்துல எனக்குப் புடிச்சது மண்டையோடு. அஞ்சு கப்பு அரிசிப் பொரிக்கு ஒரு கப்பு வெல்லம். வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டிப் பாகு காய்ச்சு. கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு வுட்டு உருட்டுனா, உருண்டை கெட்டியா நிக்கணும். ஏலக்காயைத் தட்டிப் போட்டுப் பொரியில கலந்து, கையில அரிசி மாவைத் தொட்டுக்குனு சூட்டோட புடிக்கணும். பாகு பொல்லாதது, தோல்ல பட்டா உரிச்சுரும், அதனால புடிக்கிறது நீ. தாடைப் பக்கம் கொஞ்சம் ஒடுக்கிக் குடு. ஈரம் காயறதுக்குள்ள கண்ணுக்கு உலர்ந்த திராட்சை, பல்லுக்குப் பொட்டுக்கடலைன்னு அழுத்துறது வாண்டுங்க வேலை. கார்த்திகைக்குப் புடிக்கிற அதே பொரி உருண்டைதான், கண்ணு வச்சதும் மண்டையோடு. உள்ளூர்ல நெறைய மண்டைக்குள்ளயும் பொரிதான் இருக்குது, நான் யாரையும் சொல்லல.

முழியாங்கண்ணு வேணும்னா, கொழுக்கட்டை மாவைச் சின்னதா உருட்டி வேகவச்சு, நடுவுல பாதி கறுப்புத் திராட்சையைப் பதிச்சு, பீட்ரூட் சாறுல ஈர்க்குச்சியைத் தொட்டு நரம்பு இழு. சூனியக்காரி வெரல் செய்யணும்னா ரெண்டு கப்பு கோதுமை மாவு, முக்கா கப்பு பொடிச்ச சக்கரை, ரெண்டு கரண்டி நெய்யி, ஒரு சிட்டிகை உப்பு. பால் தெளிச்சுக் கெட்டியாப் பெசைஞ்சு வெரலாட்டம் உருட்டு. கணுவுக்கு ரெண்டு கீறல். நுனியில துளி தண்ணி தொட்டு, பாதி வேர்க்கடலையை நெகமா அழுத்து. மெதுவான தீயில பொரி. தீ அதிகமானா நெகம் கழண்டு எண்ணெயில மெதக்கும், அதுவும் பயங்கரமாத்தான் இருக்கும். கேழ்வரகு இடியாப்பம் சூனியக்காரி முடி, அதுக்குச் சொல்லவே வேணாம், தேங்காப்பாலை ஊத்து. அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற குட்டிங்களுக்குக் கடலையும் முழு திராட்சையும் குடுக்காதே, தொண்டையில அடைச்சுக்கும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. 2024ல அக்டோபர் 31 அன்னிக்கே தீபாவளியும் வந்துச்சு. காலையில அசுரனைக் கொன்னுட்டு எண்ணெ தேய்ச்சுக் குளிச்ச புள்ளைங்க, சாயங்காலம் அசுரன் வேஷம் போட்டுக்குனு மிட்டாய் கேட்டுச்சுங்க. அதிரசத்தையே பையில போட்டு அனுப்புனாங்க, ஒரு புள்ளையும் வேணாங்கல. 2026ல தீபாவளி நவம்பர் 8, ஒரு வாரந்தான் தள்ளி. ரெண்டுக்கும் ஒரே எண்ணெச் சட்டியா வச்சுடு.

புள்ளைங்களை ரெண்டு நாள் முன்னாடியே படாளம் அனுப்பி வை. பரங்கிக்காய் என் செலவு, பொரியும் வெல்லமும் உன் செலவு, கிழிஞ்ச வேட்டி எவ்ளோ வேணும்னாலும் இங்க இருக்கு. அந்தப் பிளாஸ்டிக் பல்லு ஒண்டி வாங்காதே. ராத்திரி என் பல்செட்டைக் கழட்டித் தண்ணியில போட்டு வைக்கிறேன், இலவசமா பார்த்துக்கட்டும்.